பெயரும் கால்வழியும்: தோட்டத்து மாடுகளின் எழுதப்படாத ஏடு

மனிதன் தேர்ந்தெடுத்து வளர்க்கும் உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, அதன் நிறத்தையும் வடிவத்தையும் கண்டு நாம் இடும் பெயர். மற்றொன்று, அது எந்தத் தாய்க்கும் எந்தத் தந்தைக்கும் பிறந்தது என்னும் கால்வழி. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, யாரேனும் சொல்லி வைத்தாலோ எழுதி வைத்தாலோ அன்றித் தெரியாது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவது எளிது. உயிர்வளர்ப்பின் வரலாற்றில் நேர்ந்த பிழைகள் பலவற்றுக்கு இம்மயக்கமே வேர்.

பந்திங்கைச் சூழ்ந்த கோல லங்காட் வட்டாரத்தின் தோட்டங்களில் நம் முன்னோர் மாடு வளர்த்தனர். அம்மாடுகளுக்குப் பெயர் இருந்தது, கால்வழியும் இருந்தது, ஆனால் அதனைப் பதிந்த ஏடு இல்லை. அதே வட்டாரத்தில், அதே தோட்டங்களில் வளர்ந்த செம்பனைக்கோ பல தலைமுறைகளுக்கு ஏடு உண்டு. ஒரே மண்ணில் இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று, அதனால் நாம் இழந்தது யாது, இன்னும் மீட்கத்தக்கது யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

தமிழில் வழியும் வண்ணமும்

வம்சத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. கால்வழி, கொடிவழி, மரபு, வழித்தோன்றல் என அவை விரியும். ‘கால்’ என்பது நீர் ஓடும் வாய்க்காலையும் குறிக்கும். ‘கொடி’ என்பது ஒரு முளையிலிருந்து பல கணுக்களாய்ப் படரும் செடியைக் குறிக்கும். ஓடுவதும் படர்வதுமாகவே வம்சத்தைத் தமிழ் எண்ணிப் பார்த்திருக்கிறது. எனினும் இச்சொற்களை நாம் பெரும்பாலும் மக்களுக்கே வழங்கினோம். விலங்குகளுக்குப் பெயரிடும்போது நம் மொழி முதலில் நாடியது நிறத்தையே.

கலித்தொகையின் முல்லைப் பகுதியில் ஏறு தழுவற் களத்துக்கு வரும் காளைகள் நிறத்தாலும் உடலில் உள்ள புள்ளிகளாலும் கொம்பின் அமைப்பாலும் பிரித்துக் காட்டப்படுகின்றன. திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்றும், வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் வழங்கியதைச் சிறுபாணாற்றுப்படையால் அறிகிறோம். பிற்காலத்துப் பள்ளு நூல்களில் மாட்டு வகைகளின் பெயர்கள் நெல் வகைகளின் பெயர்களோடு ஒக்க நீண்ட பட்டியலாய் வருகின்றன. ஓர் உழவர் சமுதாயம் தன் மாடுகளை எவ்வளவு நுணுக்கமாகக் கண்டறிந்தது என்பதற்கு அப்பட்டியல்கள் சான்று. ஆயினும் அவற்றில் மிகுந்திருப்பவை கண்ட அடையாளங்களே. இன்ன காளைக்கு இன்ன பசு ஈன்ற கன்று என்னும் செய்தியைச் சுமக்க அப்பெயர்கள் அமைக்கப்படவில்லை.

இனப்பெயர்களோ பெரும்பாலும் ஊரால் அமைந்தன. காங்கயம், பர்கூர், ஆலம்பாடி, உம்பளச்சேரி, புலிக்குளம் என்பன எல்லாம் இடப்பெயர்கள். ஆக, ஒரு மாட்டைக் குறிக்க நிறம் ஒரு பெயர் தந்தது; ஊர் ஒரு பெயர் தந்தது. கால்வழிக்கு உரிய இடம் பெயரில் வெறுமையாகவே இருந்தது. அவ்விடத்தை நிரப்பியது வீட்டாரின் நினைவு.

காங்கயத்துக் கன்றின் நிறம்

நிறப்பெயரை நம்பிக் கால்வழி காண இயலாது என்பதைக் காங்கயம் மாடே தெளிவாகக் காட்டும். கொங்கு நாட்டில் மயிலை, செவலை, காரி என மாடுகளை நிறத்தால் அழைப்பர். ஆனால் காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாய் இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் ஏறும். காளை முதிரும்போது திமிலிலும் முன் பின் உடற்பகுதிகளிலும் கருமை படரும். காயடித்துவிட்டால் அக்கருமை மங்கிவிடும். ஒரே உயிர் தன் வாழ்நாளில் இத்தனை நிறம் மாறுமாயின், நிறத்தைக் கொண்டு அதன் தாயையும் தந்தையையும் எவ்வாறு அறிவது?

காங்கயம் இனத்தைச் சீராக்கிய பெருமை பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கு உரியதென்று கால்நடை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களுடைய பெருமந்தையில் காளைகள் தேர்ந்தெடுத்துப் பொலிக்கு விடப்பட்டன. கொழுக்கட்டைப்புல் வளர்ந்து, வெள்வேல மரங்கள் நிழல் தந்து, கிளுவை முள்வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இத்தேர்வுக்குத் துணை நின்றது. வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில் எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்ந்தது என்பதை உடையவர் அறிய முடியும். திறந்தவெளிப் புறம்போக்கில் அது முடியாது. கால்வழியைக் காப்பதற்கு ஏட்டுக்கும் முன்னே வேண்டியது வேலி என்பது இதனால் விளங்கும்.

நாய்களிலும் இச்சிக்கலைக் காணலாம். தென் தமிழகத்துச் சிப்பிப்பாறை நாயும், கருமையும் பழுப்பும் கலந்த கன்னி நாயும் தனித்தனி இனங்களா, ஓரினத்தின் நிற வேறுபாடுகளா என்னும் வழக்கு வளர்ப்போரிடையே இன்றும் தீரவில்லை. பெயர் நிறத்தைச் சுட்டியது, கால்வழி எழுதப்படவில்லை, எனவே வழக்கைத் தீர்க்கும் ஆவணம் இல்லை. இராசபாளையம் நாயின் தூய வெண்மையை விரும்பி அதனையே தேர்ந்து வந்ததில், வெண்மையோடு சேர்ந்து வரும் செவிட்டுத்தன்மை சில குட்டிகளில் தலைகாட்டியது. நிறம் கண்ணுக்கு இனிதாய் இருந்தது. அதனுடன் வந்த குறையை முன்கூட்டி அறிவிக்கக் கால்வழிக் குறிப்பு எதுவும் இல்லை.

ஒரே தோற்றம், வெவ்வேறு வழி

தோற்றமும் வழியும் வேறென்பதை இக்காலத்தில் மிகக் கூர்மையாக உணர்ந்தவர்கள் எதிர்பாராத ஓரிடத்தில் இருக்கின்றனர். அமெரிக்கக் கண்டத்துக்குரிய போவா என்னும் பெரும்பாம்பைச் செல்ல உயிராக வளர்ப்போரே அவர்கள். கருநிறமி இன்றி வெளிறிப் பிறக்கும் போவாக்களில் புகழ்பெற்ற இரண்டு வழிகள் உண்டு. அவற்றை முதலில் பெருக்கியவர்களின் பெயரால் ஒன்று கால் வழி என்றும், மற்றொன்று ஷார்ப் வழி என்றும் வழங்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் ஒன்றை மற்றொன்றோடு இணைசேர்த்தால் பிறக்கும் குட்டிகள் வெளிறாமல், இயல்பான நிறத்தோடு பிறக்கும். இரு வழிகளிலும் வெளிறலை உண்டாக்கும் மரபுக்கூறு வெவ்வேறு என்பதே காரணம்.

எனவே அவ்வளர்ப்போர் பாம்பின் தோற்றத்துக்கு ஒரு பெயரும், அது வந்த வழிக்கு ஒரு பெயருமாக இரட்டைப் பெயர் இடுகின்றனர். வழியின் பெயரை விட்டுவிட்டு விற்பவரிடம் வாங்குவோர் ஏமாற நேரும். இயல்பாகத் தோன்றும் குட்டியும் உள்ளே மறைபண்பைச் சுமந்திருக்கலாம். அதனை அறிவிப்பது அதன் பெற்றோர் யாவர் என்னும் குறிப்பு ஒன்றே. பண்பு ஒரு தலைமுறையில் மறைந்து அடுத்ததில் வெளிப்படும் என்னும் இவ்விதியை மெண்டல் 1866இல் பட்டாணிச் செடி கொண்டு விளக்கினார். 1900இல் உலகம் அதனை மீண்டும் கண்டெடுத்தது.

மறைபண்பைப் போலவே மறைந்து வருவது உறவு நெருக்கத்தின் தீங்கு. தந்தைக்கும் மகளுக்கும் இணைசேர்த்தால் பிறக்கும் கன்றின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு. ஒரு தந்தைக்கும் வேறு வேறு தாய்களுக்கும் பிறந்தவற்றை இணைத்தால் அது 12.5 விழுக்காடு. இக்கணக்கைச் சூவல் ரைட் என்னும் அறிஞர் 1922இல் வகுத்தார். அளவு கூடக் கூடக் கருத்தரிப்பும், கன்றின் பிழைப்பும், பால் அளவும் குறையும். ஆனால் இக்கணக்கைப் போட முதலில் பாட்டன் பாட்டி யாவர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏடு எழுதியோர்

அவ்வறிவை முதலில் ஏட்டில் ஏற்றியோர் இங்கிலாந்தினர். பந்தயக் குதிரைகளின் கால்வழிப் பதிவேடு 1791இல் வெளிவந்தது. குட்டைக்கொம்பு மாடுகளுக்கு 1822இல் மந்தைப் பதிவேடு அச்சாயிற்று. இன்று உலகில் உள்ள தூயவழிப் பந்தயக் குதிரைகள் யாவும் தந்தைவழியில் மூன்றே மூன்று ஆண் குதிரைகளைச் சென்றடைகின்றன. இவ்வேடுகளின் போக்கை நாம் கவனிக்க வேண்டும். அவை தாயையும் பதிந்தன என்றாலும், வழிக்குப் பெயர் தந்தது தந்தையே. ஓர் ஆண் குதிரை பல நூறு குட்டிகளுக்குத் தந்தையாகலாம். செல்வரின் முதலீடு அதில் இருந்தது.

ஏடு இருந்தால் கடல் கடந்த உயிரும் தன் ஊரை மறப்பதில்லை என்பதற்குப் பிரேசில் நாடு சான்று. நம் அண்டை நிலமான ஓங்கோலின் மாடுகள் 19ஆம் நூற்றாண்டு முதல் அங்கே கப்பலேறின. ஓங்கோல் அந்நாளில் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகையால் அவ்வினம் பிரேசிலில் நெலோர் எனப் பெயர் பெற்றது. இன்று அந்நாட்டின் 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளில் பெரும்பகுதி நெலோரும் அதன் கலப்புமே. 1960களின் தொடக்கத்தில் அங்கே கொண்டுசெல்லப்பட்ட காளைகளுள் ஒன்றன் பெயர் கர்வாடி. ஓங்கோலுக்கு அருகிலுள்ள கரவாடி என்னும் சிற்றூரின் பெயரே அது. பிரேசிலிய வளர்ப்போர் தம் மாடுகளின் கால்வழியைக் கர்வாடி வழி என்று இன்றும் குறிக்கின்றனர். ஓங்கோலை ஒருநாளும் காணாத மனிதர், அவ்வட்டாரத்து ஊரொன்றின் பெயரைத் தம் பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாய் எழுதி வருகின்றனர்.

அக்காலத்திலேயே வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்த மாடுகளுக்கு என்ன ஆயிற்று?

மலாயாவுக்கு வந்த மாடுகள்

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினர். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமே இன்றைய கிள்ளான் துறைமுகம். அங்கிருந்து தெற்கே லங்காட் ஆற்றைச் சார்ந்து கேரித் தீவு, தெலுக் டத்தோ, ஜூக்ரா, மோரிப் என விரியும் நிலப்பகுதியில் தோட்டங்கள் எழுந்தன. பால்மரம் வெட்டவும், பின்னாளில் செம்பனைக் குலை அறுக்கவும் வந்தவர்களுக்கு லயத்துக்குப் பின்னே ஒரு மாட்டுக்கொட்டகை பெருந்துணையாயிற்று. கூலி குறைந்த மாதத்தில் பால் விற்ற காசு குடும்பத்தைத் தாங்கியது. சாணம் வாசலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் பயன்பட்டது. கன்றை விற்ற பணம் பிள்ளையின் படிப்புக்கோ பெண்ணின் திருமணத்துக்கோ உதவியது.

இந்தியாவிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த பல இனங்கள் இங்கே கலந்தன. தமிழரிடம் மட்டுமன்றிச் சீக்கியரிடமும் பிற வட இந்தியரிடமும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பால்மாடுகள் இருந்தன. ஆகவே தென்னாட்டு வழியும் வடநாட்டு வழியும் ஒரே மேய்ச்சல் தரையில் ஒன்றாயின. இக்கலப்பில் தோன்றிய மாட்டுக்கு மலேசியக் கால்நடைத்துறை நூல்கள் இட்ட பெயர் ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’, சுருக்கமாக எல்.ஐ.டி. உள்ளூர் இந்தியப் பால்மாடு என்று நாம் அதனைத் தமிழாக்கலாம்.

இப்பெயரைச் சற்று நின்று நோக்குவோம். ‘உள்ளூர்’ என்பது அது இருந்த இடம். ‘இந்திய’ என்பது அது வந்த நாடும் அதனை வளர்த்தோரும். ‘பால்’ என்பது அது தந்த பயன். மூன்று சொற்களில் ஒன்றேனும் அதன் தாயையோ தந்தையையோ சுட்டவில்லை. கரவாடி என்னும் சிற்றூர் பிரேசிலின் ஏட்டில் நிலைத்தது. இங்கே வந்த மாடுகளின் ஊர்கள் யாவும் ‘இந்திய’ என்னும் ஒரு சொல்லுக்குள் கரைந்தன. தமிழகத்திலும் 2017ஆம் ஆண்டின் ஏறுதழுவல் கிளர்ச்சிக்குப் பின் ‘நாட்டு மாடு’ என்னும் சொல் பெருவழக்காயிற்று. அது பரிவோடு பிறந்த சொல்தான். எனினும் காங்கயமும் உம்பளச்சேரியும் புலிக்குளமும் அச்சொல்லுக்குள் வேற்றுமை இழக்கின்றன. பொதுப்பெயர் பெருகும்போது கால்வழி மெலிகிறது. இக்கரையிலும் அக்கரையிலும் அதுவே நிகழ்ந்தது.

தாய்வழி நினைவு

ஆனால் தோட்டத்து மாடுகளுக்குக் கால்வழியே அறியப்படவில்லை என்று கொள்வது தவறு. ஏட்டில் இல்லாதது நாவில் இருந்தது. லட்சுமி, கறுப்பி, செவலை, வெள்ளச்சி, சுட்டி என மாடுகளுக்குப் பெயர் இட்டோர், ‘இது வெள்ளச்சியின் கன்று; வெள்ளச்சி பெரிய கறுப்பியின் கன்று’ என்று தலைமுறை அடுக்கிச் சொல்லவும் அறிந்திருந்தனர். கிடாரிக் கன்று வீட்டில் நின்றது. காளைக் கன்று விற்கப்பட்டது. எனவே ஒரு கொட்டகையில் தொடர்ந்தது தாய்வழியே. தந்தை, மேய்ச்சல் தரையில் சேர்ந்த ஏதோ ஒரு பொலிகாளை. அது யாருடையது என்பது சில வேளைகளில் தெரியும். பல வேளைகளில் தெரியாது.

இதனை இங்கிலாந்து ஏடுகளோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். செல்வரின் பதிவேடு தந்தைவழியாய் ஓடியது. தொழிலாளியின் நினைவு தாய்வழியாய் ஓடியது. பால் கறந்தும், கன்று ஈனும் இரவில் உடனிருந்தும் அந்நினைவைக் காத்தோர் பெரும்பாலும் பெண்கள். அதிகாலையில் பால்மரம் வெட்டச் சென்று திரும்பியவர்களே மாலையில் புல்லறுத்து மாட்டைப் பேணினர். அவர்கள் காத்த நினைவு ஏட்டறிவுக்குத் தாழ்ந்ததன்று. அது மற்றொரு வகைப் பதிவு. அதன் குறை ஒன்றே. சொல்பவர் மறைந்தால் பதிவும் மறைந்துவிடும்.

அதே மண்ணில் செம்பனையின் ஏடு

இனி, அந்தத் தோட்டத்தின் மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். 1848இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரப் பூங்காவில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலி வட்டாரத்துக்குச் சென்று டெலி எனப் பெயர் பெற்றன. அங்கிருந்து வந்த வித்தைக் கொண்டு 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கினார். எல்மினா தோட்டத்தில் குட்டையாக நின்ற ஒரு தனிமரம் இ-206 என்னும் எண்ணால் குறிக்கப்பட்டு, ‘டம்பி’ என்னும் வழிக்கு மூலமாயிற்று. ஒரு தனி மரத்துக்கும் எண். அதன் வித்துக்கும் எண். வித்தின் வித்துக்கும் எண்.

பந்திங்கில் ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தின் செம்பனை ஆராய்ச்சி நிலையம் இப்பணியில் ஈடுபட்டது. செம்பனையில் தடித்த ஓடுடைய டூராவையும் ஓடற்ற பிசிஃபெராவையும் இணைத்தால் மெல்லோடுடைய டெனெரா பிறக்கும் என்பதைக் காங்கோவில் ஆய்ந்தோர் 1941இல் வெளியிட்டனர். அதன்பின் எந்தத் தாய்மரம், எந்தத் தந்தைமரம் என்பதைப் பதியாமல் நல்ல வித்து உண்டாக்க இயலாதென்று ஆயிற்று. பெண் பாளைக்கு உறை கட்டி, பிற மகரந்தம் புகாமல் காத்து, குறித்த மரத்தின் மகரந்தத்தை மட்டும் தூவி, சீட்டுக் கட்டி, நாளைக் குறித்து வைப்பது இவ்வேலையின் முறை. காங்கயத்துக் கிளுவை வேலி செய்ததை இங்கே ஒரு துணியுறை செய்தது.

இவ்வாறு உறை கட்டிய பணி தோட்டத்து உழைப்பின் ஒரு பகுதி. ஒரு மரத்தின் தாயையும் தந்தையையும் பிழையின்றிக் குறிக்கும் ஒழுங்கு கோல லங்காட்டுக்குப் புதிதன்று. ஆனால் அவ்வொழுங்கு லயத்துக்குப் பின்னே இருந்த கொட்டகை வரை வரவில்லை. செம்பனையின் வழியில் நிறுவனத்தின் இலாபம் இருந்தது; மாட்டின் வழியில் இருந்தது தொழிலாளியின் பிழைப்பு மட்டுமே. எந்த உயிரின் கால்வழி எழுதப்படும் என்பதைத் தீர்மானித்தது அவ்வுயிரின் மேன்மை அன்று. அதனை உடையவரின் கையில் இருந்த தாளும் எழுதுகோலுமே.

கொட்டகை மறைந்த காலம்

1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை எழுந்தது. இளஞ்செம்பனையை மாடு மேயும் என்பதால் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. பின்னர்த் தோட்ட நிலங்கள் நகரியங்களாக மாறியபோது, லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குச் சென்ற குடும்பம் மாட்டை உடன் கொண்டுசெல்ல இயலவில்லை. மாடு விற்கப்பட்ட நாளில் அதன் தாய்வழிக் கதையும் அறுந்தது. வாங்கியவருக்கு வேண்டியது எடையும் பாலும். பெரிய கறுப்பியின் பெயர் அவருக்கு எதற்கு?

இதற்கிடையே அரசு பால் உற்பத்தியைப் பெருக்க முனைந்தது. உள்ளூர் மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டலால் ஃபிரீசியன் வழி சேர்க்கப்பட்டது. ஃபிரீசியனையும் சாகிவாலையும் இணைத்து உருவாக்கப்பட்ட இனத்துக்கு மலேசியா, ஃபிரீசியன், சாகிவால் என்னும் மூன்று பெயர்களையும் சேர்த்து மஃப்ரிவால் எனப் பெயர் சூட்டினர். ஜொகூரின் குளுவாங்கில் உள்ள கால்நடை நிலையம் அதனோடு நெருங்கிய தொடர்புடையது. மஃப்ரிவால் என்னும் பெயர் தன் கால்வழியைத் தானே சொல்லும் பெயர். எல்.ஐ.டி. என்னும் பெயருக்கு அத்திறன் இல்லை. இரண்டும் ஒரே நாட்டின் பால்மாடுகளுக்கு உரிய பெயர்கள். ஏடு இருந்ததும் இல்லாததுமே அவற்றிடையே உள்ள வேறுபாடு.

இவ்விழப்பை வெறும் உணர்ச்சியாகக் கருதலாகாது. வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கி, குறைந்த புல்லில் பால் தந்து, தோட்டத்துச் சூழலில் பல தலைமுறை பிழைத்த மாட்டில் காக்கத்தக்க பண்புகள் உண்டு. எந்தக் கொட்டகையில் எந்த வழி அப்பண்போடு நின்றது என்று தெரிந்திருந்தால் அதனைத் தேர்ந்து பெருக்கலாம். தெரியாதபோது எல்லாம் ஒரே ‘உள்ளூர் மாடு’ ஆகி, மேலைநாட்டு வழியில் கலந்து மறையும். எஞ்சிய சில மந்தைகளில் ஒரே பொலிகாளை ஆண்டுக்கணக்கில் நிற்குமாயின், தந்தை தன் மகளோடு சேருவதை யார் தடுப்பது?

இனிச் செய்யத்தக்கது

மரபணு ஆய்வு இன்று ஒருபகுதி விடையைத் தரும். உயிரணுவின் இழைமணியில் உள்ள மரபுக்கூறு தாயிடமிருந்தே கன்றுக்கு வரும். திமிலுடைய மாடுகள் தாய்வழியில் இரு பெரும் பிரிவுகளாக நிற்பதை அவ்வாய்வு காட்டியுள்ளது. நம் தோட்டத்துப் பெண்கள் நினைவில் காத்ததும் தாய்வழியே ஆதலால், அவர்கள் சொல்லும் வரிசையையும் ஆய்வுக்கூடம் சொல்லும் வரிசையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம். ஆயினும் ஆய்வுக்கூடம் ஒருபோதும் சொல்ல முடியாத செய்திகள் உண்டு. வெள்ளச்சி என்னும் பெயர், அவளை வளர்த்தவர், அவள் நின்ற லயம், அவள் கன்று எந்தத் தோட்டத்துக்குப் போயிற்று என்பன குருதியில் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை மொழியில் மட்டுமே உள்ளன. மொழியில் உள்ளதைக் காப்பது மொழி மன்றங்களின் கடமை.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பந்திங்கிலும் கேரித் தீவிலும் தெலுக் டத்தோவிலும் மாடு வளர்த்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் போதும்: மாட்டின் பெயர், அதன் நிறமும் குறியும், அதன் தாயின் பெயர், சேர்ந்த காளை தெரிந்தால் அதன் உடையவர், கன்றுகள் சென்ற இடம். நிறத்தை ஒரு பத்தியிலும் தாயை மற்றொரு பத்தியிலும் பிரித்து எழுதினாலே பெயருக்கும் வழிக்கும் உள்ள மயக்கம் தீரும். பழக்கமான சொல்லையே அவ்வாறே எழுத வேண்டும். ‘சுட்டி’ என்று சொன்னவரின் சொல்லை நெற்றியில் வெண்புள்ளி உடைய பசு என மாற்றி எழுதிவிடலாகாது. இன்றும் மாடு வளர்ப்போர், காதில் இட்ட எண்வில்லையோடு வீட்டுப்பெயரையும் சேர்த்து எழுதி வைக்கலாம். எண் அரசுக்கு உரியது. பெயர் நமக்கு உரியது. இரண்டும் ஒரு வரியில் நின்றால் பின்வருவோர்க்குக் கால்வழி கிடைக்கும்.

போகோரின் நான்கு செம்பனைக் கன்றுகளின் கதையை 1848ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை சொல்ல முடிகிறது. ஓங்கோல் வட்டாரத்துக் காளை ஒன்றின் வழியைப் பிரேசிலில் எண்ணிக் காட்ட முடிகிறது. லயத்துக் கொட்டகையில் நின்ற பெரிய கறுப்பிக்கு மூன்று தலைமுறை எண்ணிச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருவரேனும் ஒவ்வொரு பழைய தோட்டத்திலும் இருப்பர். அவர்களிடம் ஏட்டோடு செல்வது இவ்வாண்டே ஆகவேண்டிய வேலை.